ஏலத்தில் எடுத்த மீன்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கிருபாபாய் கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு மீனைக் கழுவினாள். ஒரு முறை அல்ல, மூன்று முறை. ஒவ்வொரு முறையும் அண்டாத் தண்ணீரைத் தென்னை மரத்தடியில் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் இறைத்து ஊற்றினாள். மீன் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைந்த கெண்டை. வாலின் மேல்பக்கம் எங்கோ தூண்டிலில் மாட்டிக் கிழிந்திருந்தது. செவுளுக்குப் பக்கத்தில், ஊறிய பாசிப்பயற்றின் தோல் போல, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டிருந்தன. செதில் பெயர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பிறகு அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு குளக்கரைக்குப் போய், படியில் குனிந்து, மீனைத் தண்ணீரில் விட்டாள்.

அந்த வீட்டில் கடைசியாக நடந்த சாதாரணமான காரியம் அதுதான்.

அன்று அறுப்பின் பண்டிகை. எழுபத்தாறாம் வருஷம், பிப்ரவரி மாதம். விஜயபுரத்துக்கு வெளியே இருந்த அந்தச் சின்னச் சபையில் நாற்பது குடும்பம் கூடினால் அதிகம். ஆராதனை முடிந்ததும் படைத்தவற்றை ஏலம் விடுவார்கள். நெல், வேர்க்கடலை, பூசணி, கேழ்வரகு, காலைக் கட்டிய கோழிகள். ஏலம் விடுகிறவர் ஜெபமணி. காய்கறிச் சந்தையில் வேலை பார்த்த தொண்டை. பைபிள் வாசித்தாலும் அவருக்கு விலை கூவுகிற ராகம்தான் வரும்.

அந்த வருஷம் வேதநாயகம் பெரிய ஏரியில் பிடித்த கெண்டையை உயிரோடு ஓர் அண்டாவில் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். பிரசங்கத்தின் நடுவே அது இரண்டு முறை துள்ளி, முன்வரிசைப் பிள்ளைகள் மேல் தண்ணீர் தெறித்தது. ஏலத்தில் அதன் முறை வந்தபோது யாரும் வாய் திறக்கவில்லை. எடுத்துப் போய் என்ன செய்வது? அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பண்டிகை ஏலத்தில் எடுத்த உயிருள்ள எதையும் அடுத்த பண்டிகை வரை அறுக்கக் கூடாது. கோழியானால் அடை வைத்து, குஞ்சில் ஒன்றை அடுத்த வருஷம் படைக்க வேண்டும். ஆடானாலும் அப்படித்தான். வீட்டில் செத்துப்போனால் நல்லதல்ல என்று பேச்சு. மீனை ஒரு வருஷம் யார் காப்பாற்றுவது?

ஜெபமணி சுற்றிலும் பார்த்தார். அவர் கண், வீட்டுக் குளத்தில் மீன் வளர்க்கிற கிருபாபாயிடம் நின்றது.

"டீச்சரம்மா இன்னா பேசாம உக்காந்துகினு கீறாங்க? கொளத்துல அத்தினி பொண்ணு வளத்துகினு, ஒரு மாப்பிள்ள வேணாமா?"

சபை முழுக்கச் சிரித்தது. போதகர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். கிருபாபாய்க்குக் காது சூடாயிற்று. அந்தச் சூட்டிலேயே கையைத் தூக்கினாள்.

அவள் புருஷன் தேவானந்தம் அன்று ஊரில் இல்லை. சித்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மகள் கிரேஸைப் பார்க்கப் போயிருந்தார். இருந்திருந்தால் அந்தக் கை உயர்ந்திருக்காது.

தேவானந்தம் சித்தூர் மீன்வளத் துறையில் பதினோரு வருஷம் ஃபீல்டுமேனாக இருந்தவர். நடுவில் இரண்டு வருஷம் பழவேற்காட்டுப் பக்கம் வேலை. அங்கேதான் பால்மீன் குஞ்சுகளைப் பார்த்தார். கடலில் முட்டையிட்டு, கரையோரம் ஒதுங்குகிற, ஊசி நீளம்கூட இல்லாத குஞ்சுகள். அவற்றை மெதுவாகப் பழக்கினால் நல்ல தண்ணீரிலும் வளரும் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததிலிருந்து வேறு பேச்சில்லை. கடைசியில் வேலையை விட்டார். கிருபாபாயின் தகப்பன் விட்டுப்போன மேட்டு நிலத்தில் கிணற்றுக்குப் பக்கத்தில் குளம் வெட்டினார். ஜூன் மாதம் லாரியில் பதினாறு குண்டானில் குஞ்சுகள் வந்தன. கடல் தண்ணீரில் தினம் இரண்டு குடம் கிணற்றுத் தண்ணீர் கலந்து கலந்து, பன்னிரண்டு நாளில் அவை கடலை மறக்கும்படி செய்தார்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்தவர்கள்கூட நின்று சிரித்துவிட்டுப் போனார்கள். கடல் மீனைக் கிணற்றுத் தண்ணீரில் வளர்க்கிறானாம். பிப்ரவரியில் அவை முழங்கை நீளத்துக்கு வந்திருந்தன. காலையில் தவிடு தூவினால் அறுநூறு மீனும் ஒரே பக்கம் திரும்பும். குளம் முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளித் தட்டைக் கவிழ்த்தது போல இருக்கும். ஈஸ்டருக்குப் பிறகு வலை போட்டு, முதல் கூடையைச் சித்தூர் ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதைத் தவிர அவர் தனக்கென்று எதையும் கேட்டதாகக் கிருபாபாய்க்கு நினைவில்லை.

அந்தக் குளத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகக் கூடாது. வலை, பக்கெட், கால், எதுவானாலும் பர்மாங்கனேட் கரைத்த ஊதாத் தண்ணீரில் முக்கிவிட்டுத்தான். கூட வேலை செய்த துலுக்காணத்துக்கு இது பெரிய வேடிக்கை. விஜயபுரத்துக்காரன். நாற்பது வயது. பெரிய ஏரியில் வலை இழுத்துப் பழகின கை. தினமும் அந்த ஊதாத் தண்ணீர்த் தொட்டியில் கால் வைக்கும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்க மாட்டான்.

"எங்க நைனாவ கொளத்துல எறங்காத, தீட்டாயிடும்னாங்க. இப்ப எங்கால பாத்து நீங்க சொல்றீங்க சார். பரவால்ல, அவங்க தொட்டி வெச்சி குடுக்கல."

தேவானந்தமும் சிரிப்பார். "டேய், நானும் உங்க நைனா நின்ன எடத்துலதான்டா நின்னவன்" என்பார். மதம்தான் வேறு. முப்பது நாற்பது வருஷம் முன்னால் இரண்டு பேர் தகப்பன்மாரும் ஒரே வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள்.

கிருபாபாய் சட்டத்தை மறக்கவில்லை. வெளித் தண்ணீர்தானே கூடாது, அதனால்தான் மூன்று முறை கழுவினாள். ஊதாத் தண்ணீரில் முக்கினால் மீன் செத்துவிடுமோ என்று பயம். கர்த்தருக்குப் படைத்தது வீட்டுக்கு வந்த அன்றே சாகக் கூடாது.

சாயங்காலம் தேவானந்தம் வந்தார். கிரேஸ் கணக்கில் எண்பத்திரண்டு வாங்கியதைச் சாப்பாடு முடியும் வரை பேசினார். சொல்ல இடமே கிடைக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். நாளைக்கு வந்தபோது, அடுத்த வருஷம் பண்டிகைக்கு இரண்டு கிலோ மீனாக அதைத் தூக்கிக்கொண்டு போய் ஜெபமணி முன்னால் வைத்து இவரையும் அசத்தலாம் என்று தோன்றியது. அப்படியே போய்விட்டது.

மார்ச் மாதக் கடைசியில் மீன்கள் தவிட்டுக்கு வரவில்லை. கரை மண்ணில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு ஓடின. காரணமில்லாமல் துள்ளின. தேவானந்தம் ஒன்றைப் பிடித்துப் பார்த்தார். துடுப்பின் அடியில் சிவந்த புள்ளிகள். புள்ளிக்குப் பக்கத்தில் ஊறிய பாசிப்பயற்றின் தோல் போல ஒன்று. விரலால் தொட்டதும் அது நகர்ந்தது.

கிருபாபாய் பக்கத்தில்தான் நின்றாள். தவிட்டுக் கூடையைக் கரையில் இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

மறுநாள் அவர் அப்படி நகர்ந்தவற்றில் நாலைந்தை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் பஸ் ஏறினார். அங்கே மீன் சாஸ்திரம் படித்த தெரிந்தவர் ஒருவர் இருந்தார். திரும்பி வந்ததும் முதலில் ஒரு சிரிப்புக் கதை சொன்னார். பஸ்ஸில் பக்கத்தில் மொட்டையடித்த ஓர் அம்மா, மலையிலிருந்து தீர்த்தம் கொண்டுபோகிறார் என்று நினைத்துக் கையை நீட்டினாளாம். "இதுல பேன் கீதும்மா" என்றாராம். அந்த அம்மா தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, அதைத்தான் மேலே விட்டுவிட்டு வருகிறேன் என்றாளாம். கிருபாபாயும் சிரித்தாள். அந்த வீட்டில் அவர் சிரித்தது அதுதான் கடைசி என்று பின்னால் எண்ணிப் பார்த்தபோது தெரிந்தது.

பிறகு தட்டில் கை வைத்தபடியே சொன்னார். இது மீன் பேன். மீனின் ரத்தத்தைக் குடித்து வளரும். மரக்கட்டை, கல் எதிலாவது முட்டையிடும். வெயில் ஏற ஏறப் பெருகும். இது நல்ல தண்ணீர்ப் பேன், கடலில் கிடையாது. குஞ்சுகளோடு வந்திருக்காது. கிணற்றிலும் இருக்காது. யாரோ உள்ளே கொண்டுவந்திருக்க வேண்டும்.

கிருபாபாய் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"வலை" என்றார் அவர். "தை மாசம் துலுக்காணம் ஏரி வலைய கொண்டாந்தான்ல. அதுதான்."

திறந்த வாய் மூடிக்கொண்டது.

மறுநாள் காலையில் துலுக்காணம் வழக்கம்போலத் தொட்டியில் காலை நனைத்துக்கொண்டிருந்தான். தேவானந்தம் சத்தம் போடுகிற மனுஷர் அல்ல. மெதுவாகத்தான் கேட்டார். அதுதான் அவனுக்கு அதிகமாகப் பட்டது. நாலு நாள் வெயிலில் காயப்போட்டுத்தான் எடுத்து வந்தேன், ஊதாத் தண்ணீரிலும் முக்கினேன் என்றான். அப்படியானால் பேன் எப்படி வந்தது என்றார் இவர். அவனுக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரிந்தவள் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றாள். முதல் மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

துலுக்காணம் வலையைக் கழற்றி மடித்தான்.

"எங்கள சொல்றது புதுசில்ல சார்" என்றான். "நீ சொல்றதுதான் புதுசு."

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரை மேலேயே நடந்து போனான். கிருபாபாய் அவன் போவதைப் பார்த்தாள். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அன்று மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாள்.

வைத்தியம் இரண்டு விதமாக நடந்தது. எட்டுப் பனம்பலகைகளைக் கயிற்றில் கட்டிக் குளத்தில் தொங்கவிட்டார் தேவானந்தம். பேன் வந்து அவற்றில் முட்டையிடும். ஐந்தாம் நாள் பலகையைத் தூக்கினால், எறும்பு வரிசை போல நீளநீளமாக முட்டைக் கோடுகள். வெயிலில் காயவைத்துச் சுரண்டி எரித்துவிட்டு, பலகையைத் திரும்ப இறக்க வேண்டும். ஒரு நாள் தப்பினாலும் பொரிந்துவிடும்.

இன்னொன்று உப்பு. மீன்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, பெரிய தொட்டியில் உப்புக் கரைத்து, சில நிமிஷம் விட்டு எடுப்பது. நல்ல தண்ணீர்ப் பேனுக்கு உப்பு ஆகாது. பால்மீனுக்கு அது பிறந்த வீடு. முதல் நாள் அவர் தொட்டித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். இன்னும் ஒரு படி போடு என்றார். மறுபடி நாக்கில் வைத்தார்.

"பழவேற்காடு" என்றார்.

மீன்களை உள்ளே விட்டதும் பேன்கள் வெளுத்துச் சுருண்டு உதிர்ந்தன. மீன்கள் அந்தச் சில நிமிஷம் அசையாமல் நின்றன, எதையோ கேட்பது போல. கிருபாபாய்க்கு அவற்றைப் பார்க்க முடியவில்லை.

ஆனால் பால்மீன் கை பொறுக்காத மீன். வலை பட்டாலே மிரண்டு அடித்துக்கொள்ளும். செதில் உதிரும். உதிர்ந்தது பிழைக்காது. நூறு மீனைக் குளிப்பாட்டினால் முப்பது மறுநாள் மிதந்தது. வலைக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். ஒரே சீராக இழுத்தால் மிரட்சி குறையும். துலுக்காணம் அப்படி இழுப்பான், தூங்குகிற குழந்தைக்கு அடியிலிருந்து துணியை உருவுகிற மாதிரி. இப்போது ஒரு பக்கத்தை முளையில் கட்டிவிட்டு, மறு பக்கத்தை இவர் ஒருவரே மார்பளவுத் தண்ணீரில் நின்று இழுத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவளும் பிடித்தாள். அவளுக்குக் கை வராது. முளையடியில் வலை சுருங்க, மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அடித்துக்கொண்டன.

செத்த மீன்களைச் சாயங்காலம் மாமரத்தடியில் புதைத்தார்கள். ஒவ்வொரு நாளும் மண்வெட்டியைக் கையில் எடுக்கும்போது, இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். அவர் முகத்தைப் பார்ப்பாள். அது வாடி ஒடுங்கிப்போயிருந்தது. குழியை மூடிவிட்டு வீட்டுக்கு வருவார்கள். துலுக்காணத்தையாவது கூப்பிடுங்கள் என்று ஒரு முறை சொன்னாள். எந்த முகத்தோடு கூப்பிடுவது, வலையைக் கொண்டுவந்தவன் அவன்தானே என்றார். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம்.

ஈஸ்டர் போயிற்று. குளத்துக் கரையில் எலி வளைகள் இருந்தன. நாள் முழுக்க ஊறியதில் அவர் கால் வெடித்துப் பிளந்திருந்தது. ஏப்ரல் மூன்றாம் வாரம் காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் சதையைப் பிழிகிற மாதிரி வலி என்றார். அன்று பலகை தூக்குகிற நாள். படுங்கள் என்று அவள் கெஞ்சினாள்.

"நாளைக்குப் பொரிஞ்சிடும் கிருபா."

காய்ச்சலோடு இறங்கி எட்டுப் பலகையையும் தூக்கினார். அடுத்த ஐந்தாம் நாளும் இறங்கினார். ஏழாம் நாள் காலையில் அவர் கண்ணைப் பார்த்து அவள் பயந்துபோனாள். மஞ்சள் கிழங்கை அரைத்துத் தடவியது போல இருந்தது. அப்போது அதைக் காமாலை என்றுதான் சொன்னார்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வருகிற காய்ச்சல் என்று சில வருஷம் கழித்து ஒரு டாக்டர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்காரவைத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். புத்தூர் தாண்டியதும் மலைப் பக்கத்துக் காற்று வந்தது. அவர் கண்ணைத் திறந்து, பலகைக்கு இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று கேட்டார். இரண்டாம் நாள் என்றாள். பிறகு, பஸ் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காதபடி, அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னாள். பண்டிகை, ஏலம், ஜெபமணி சொன்னது, மூன்று முறை கழுவியது, எல்லாம். வலை இல்லைங்க, நான்தான் என்றாள்.

அவருக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை. ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்று மறுபடி கிளம்பியது.

"எத்தினி உட்ட?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா." கண்ணை மூடிக்கொண்டார். கோபமா, ஆச்சரியமா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. கொஞ்சம் கழித்து மீன் ஆபீஸ் ஃபீல்டுமேன் கேட்பது போலக் கேட்டார்: "அது இன்னும் கீதா?"

"தெரியலங்க."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் விடியும்போது போய்விட்டார். கிரேஸை ஹாஸ்டலிலிருந்து அழைத்துவந்தபோது, அவள் அப்பாவின் பாதத்தைத்தான் முதலில் பார்த்தாள். வெடிப்புகளில் சேறு காய்ந்திருந்தது.

அடக்கத்துக்குத் துலுக்காணம் வந்தான். கூப்பிடாமலே வந்து பெட்டியின் ஒரு மூலையைத் தோளில் வாங்கிக்கொண்டான். மண் தள்ளி முடித்துக் கூட்டம் கலைந்த பிறகு, கல்லறைச் சுவரோரம் நின்ற அவனிடம் கிருபாபாய் போனாள். மறுபடி அத்தனையும் சொன்னாள். இரண்டாம் முறை சொல்வது சுலபமாக இருக்கவில்லை.

அவன் தலையைக் குனிந்து கேட்டான். மேல் துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டான்.

"சாருக்குச் சொன்னியாம்மா?"

"சொன்னேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"அந்த மீன் இன்னும் கீதான்னு கேட்டாரு."

துலுக்காணம் கையில் ஒட்டியிருந்த கல்லறை மண்ணைத் தட்டினான். பிறகு, திட்டாமல், குரலை உயர்த்தாமல், "அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வலைய அந்தப் பக்கம் நான் புடிச்சிகினு இருந்திருப்பேனே டீச்சரம்மா" என்றான்.

மறுநாள் அவன் வலையோடு வந்தான். தொட்டியில் இருந்த பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிதாக ஊதாத் தண்ணீர் கரைத்து, அதில் வலையை முக்கினான், காலை நனைத்தான். வேடிக்கை எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேருமாக ஒரு தரம் இழுத்தார்கள். முப்பத்தேழு பால்மீன் இருந்தது. மே மாத வெயிலில் அவையும் ஒவ்வொன்றாகப் போயின. கடல் மீன் குளத்தில் முட்டையிடாது. ஆகவே அதோடு முடிந்தது. பழவேற்காட்டுக்குப் போய் மறுபடி குஞ்சு கொண்டுவர யாரும் இல்லை.

அன்று இழுத்த வலையின் மூலையில் கடைசியாக அந்தக் கெண்டை வந்தது. உடம்பில் பேன் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பொருட்படுத்தினதாகத் தெரியவில்லை. இரண்டு விரல் கூடுதலாக வளர்ந்திருந்தது. துலுக்காணம் அதைக் கையில் ஏந்திக்கொண்டு கிருபாபாயைப் பார்த்தான். கொன்றுவிடட்டுமா என்று வாயால் கேட்கவில்லை. அவள் தலையசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவன் தண்ணீரில் கையைத் தாழ்த்தினான்.

அடுத்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு அவள் ஒரு படி நெல் கொண்டுபோனாள். ஜெபமணி ஏலம் விட்டார், ஆனால் அவள் பக்கம் திரும்பவில்லை. வழக்கப்படி அந்த மீனை அன்றைக்கு அறுத்திருக்கலாம். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவளும் கொண்டுபோகவில்லை. கிரேஸ் படிப்பு முடித்துச் சித்தூரிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். துலுக்காணம் குளத்தில் ஏரி மீன் குஞ்சுகள் விட்டு, விற்று, மறுபடி விட்டான். பலகைகளை ஐந்து நாளுக்கு ஒரு முறை அவன்தான் தூக்கினான். ஒவ்வொரு முறை வலை இழுக்கும்போதும் ஒரு மீனை மட்டும் பொறுக்கித் திரும்பத் தண்ணீரில் விடுவான்.

எண்பத்துநாலாம் வருஷம் பிறந்தும் கிருபாபாய் காலை ஏழு மணிக்கு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புமுன், படியில் நின்று தவிடு தூவுகிறாள். சின்ன மீன்கள் முதலில் வரும். அவை ஒதுங்கிய பிறகு, மேற்கு மூலையிலிருந்து ஒரு பெரிய கெண்டை மெதுவாக வரும். வாலின் மேல்பக்கம் கிழிந்தது கிழிந்தபடியே இருக்கிறது.